திரும்பியாச்சு பட்டன்

அஸ்வின் போன பிறகுதான் சைக்கிள் குழுவுக்கு வெப்சைட்டின் ஞாபகம் வந்தது. அதுவரைக்கும் அதில் 'வர்றேன்' என்று ஒரு பட்டன்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காட்டுவழிச் சவாரிக்கு யார் யார் வருகிறார்கள் என்று அது காட்டும். யார் திரும்பி வந்தார்கள் என்று காட்ட ஒன்றும் கிடையாது. போகிறவன் வரத்தானே போகிறான் என்று எல்லாரும் இருந்துவிட்டார்கள். அந்த வெப்சைட்டை எழுதிக் கொடுத்தவள் அகிலா. அஸ்வின் அவளுடைய தம்பி.

போன வருஷம் மழை விட்ட சமயம். தீவில் ஃபெரி ஏறிப் போகிற பம்பூஃப்ளாட்டைத் தாண்டிய காட்டுப் பாதையில் அவன் எல்லாருக்கும் பின்னால் வந்துகொண்டிருந்தான். சரிவில் சைக்கிளோடு ஓடைக்குள் விழுந்தான். முன்னால் போனவர்கள் அவன் பின்தங்கியதே தெரியாமல் ஃபெரி பிடிக்கிற ஜெட்டிக்கு வந்து, அவன் முந்தின ஃபெரியில் போயிருப்பான் என்று ஆளுக்கு ஆள் நினைத்துக்கொண்டு, சமோசா தின்றுவிட்டு அக்கரைக்குப் போய்விட்டார்கள். மறுநாள் கண்டெடுத்தபோது உயிர் இல்லை. விழுந்த அன்றைக்குச் சாயங்காலமே பார்த்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னார். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் அகிலாவின் வயிற்றெரிச்சல். வாயாரத் திட்டக்கூட ஓர் ஆள் அகப்படவில்லை.

குழுத் தலைவர் ஜம்புலிங்கம், பெரிய கான்ட்ராக்டர், வீட்டுக்கு வந்து கண் கலங்கினார். "இனிமே இந்த மாதிரி நடக்கவே கூடாதும்மா. வெப்சைட்ல நீ என்ன வேணா செய்" என்றார்.

செய்தாள். 'திரும்பியாச்சு' என்று ஒரு பட்டன். காட்டிலிருந்து ஜெட்டிக்கு வந்ததும் ஒவ்வொருவரும் தன் போனில் தானே அழுத்த வேண்டும். அழுத்தும்வரை பெயர் சிவப்பில் நிற்கும். ஒரு பெயர் சிவப்பாக இருந்தாலும் மற்றவர்கள் ஃபெரி ஏறாமல் தேடிப் போக வேண்டும். தம்பிக்கு இனி ஒன்றும் செய்ய முடியாத அக்காவுக்கு இது ஒன்றுதான் மிச்சம். இன்னொருவன் இப்படிக் கிடந்து சாகாமல் இந்தப் பட்டன் தடுத்தால், அஸ்வின் வீணாகப் போகவில்லை என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம் என்றிருந்தாள்.

முதல் சவாரிக்கு அஸ்வினின் பெயரையே வைத்தார்கள். அதே பாதை, எட்டுப் பேர். அகிலா வீட்டில் லேப்டாப்பைத் திறந்துவைத்து உட்கார்ந்தாள். எட்டுப் பெயரும் சிவப்பு. எழுந்துபோய் டீ போட்டுக்கொண்டு வந்து பார்த்தால் எட்டும் பச்சை.

காட்டுக்குள் அப்போதுதான் நுழைந்திருப்பார்கள். தான் எழுதிய புரோகிராமில்தான் தப்பு என்று நினைத்துத் துருவினாள். தப்பில்லை. அவரவர் கையால் அழுத்தியிருந்தார்கள். போன் போட்டால் ஒருவருக்கும் லைன் கிடைக்கவில்லை. அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. டவர் முடிகிற இடத்தில் நின்று அழுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். தீவில் வளர்ந்தவளுக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். நெட்வொர்க் இருக்கும்போதே எல்லாவற்றையும் முடித்துவிடுவது இங்கே கைப்பழக்கம். திக்லிபூர் கப்பல் ஏறுகிறவன் துறைமுகம் தாண்டுமுன்பே 'நல்லபடியா வந்து சேர்ந்தேன்' என்று வீட்டுக்கு மெசேஜ் தட்டிவிடுவான். அவளே தட்டியிருக்கிறாள்.

இந்தக் கரையில் இருக்கிற சாத்தம் ஜெட்டிக்குப் போய் ஃபெரி பிடித்து, பம்பூஃப்ளாட் ஜெட்டியில் நின்றாள். வெயில் மண்டையைப் பிளந்தது. கடைசியில் வந்தார்கள், சேறும் சிரிப்புமாக. எண்ணினாள். எட்டுப் பேரும் இருந்தார்கள்.

நெஞ்சு ஆறவில்லை. ஏமாற்றமாக இருந்தது. ஒருத்தன் குறைந்திருக்கக் கூடாதா, கை காலாவது முறிந்திருக்கக் கூடாதா, அப்போதாவது இந்தப் பாவிகளுக்குப் புத்தி வந்திருக்குமே என்று மனசு கேட்டது. கேட்டது தன் மனசுதானா என்று அகிலா பயந்துபோனாள்.

"அக்கா, நீங்க எங்க இங்க?" என்றான் தௌபீக், அஸ்வினின் கூட்டாளி.

"போறதுக்கு முந்தியே ஏன்டா திரும்பியாச்சுன்னு அழுத்துனீங்க?"

"உள்ள நெட்வொர்க் கிடையாதுல்ல. வந்தப்புறம் மறந்துட்டா நீங்க பயந்துருவீங்க. அதான் மறக்காம மொதல்லயே..."

அவன் முகத்தில் இருந்தது நிஜமான அக்கறை. அவளுக்கு அறைய வேண்டும்போல் இருந்தது.

"அரே, டென்ஷன் ஆகாத அகிலா, சப் டீக் ஹை, எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று வந்தார் ஜம்புலிங்கம். "உன் பட்டன் ஃபர்ஸ்ட் கிளாஸ். ஆனா ஆளாளுக்கு அழுத்துறது ரோதனையா இருக்கு. லீடர் ஒருத்தன் அழுத்துனா மொத்தப் பேரும் பச்சை ஆகற மாதிரி மாத்திக் குடுத்துடேன்."

"யாராவது உள்ள கிடந்தா?"

"யாரும் கிடக்கலையேம்மா. எண்ணிப் பாரு, எல்லாரும் நிக்கறோம்."

அஸ்வினின் அக்காவிடம்தான் இதைச் சொல்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. அதற்குள் ஃபெரி வந்துவிட்டது. சைக்கிள்களை உருட்டிக்கொண்டு முண்டியடித்து ஏறினார்கள். "சலோ, சலோ" என்று ஜம்புலிங்கம் கையைத் தட்டினார்.

அகிலா ஏறவில்லை. வேண்டுமென்றேதான் ஜெட்டியில் நின்றாள். அகிலா எங்கே என்று ஒருவராவது கேட்கிறாரா, பார்த்துவிடலாம் என்று நின்றாள். கயிற்றை அவிழ்த்தார்கள். ஃபெரி விலகியது. தௌபீக் கம்பியில் சாய்ந்து சாத்தம் பக்கம் போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். யாரும் கேட்கவில்லை.