பிளவு திரும்பிய இடம்

1.

இந்தக் கதை என் அக்காவுடையது. எழுதிக்கொள் என்று அவள் சொல்லவில்லை. எழுதாதே என்றும் சொல்லவில்லை. பேருந்துக்காகக் காத்திருந்த நேரத்தில் சொல்லி முடித்தாள், கேட்டுக்கொண்டேன். என் உரிமை அவ்வளவுதான்.

முதல் வரியாக நான் எழுதியது: "பூமியின் ஆழத்தில், யுகங்களின் மௌனத்தில்..." [அடித்துவிட்டேன். பெரிய மனுஷத்தனமாகப் பேசுகிறது.]

இரண்டாவது: "அக்கா பாறையைப் பிளக்கும் வேலை பார்த்தாள்." இது போதும்.

2.

சில பாறைகளில் எரிவாயு இறுகிக் கிடக்கும். துளை போட்டாலும் தானாக வராது. மணல் கலந்த நீரைப் பேரழுத்தத்தில் இறக்கிப் பாறையைப் பிளந்தால்தான் வழி கிடைக்கும். தொல்லை என்னவென்றால், பாறைக்குள் ஏற்கெனவே பழைய வெடிப்புகள் ஓடுகின்றன. புதுப் பிளவு அதில் ஒன்றைச் சந்தித்தால் குறுக்கே வெட்டிக்கொண்டு போகலாம், அங்கேயே நின்றுவிடலாம், இல்லை, திரும்பிப் பழைய வெடிப்பின் வழியே ஓடலாம். எது நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்வதுதான் அக்காவின் வேலை.

(அலுப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஓர் உயிர் இதில்தான் போயிற்று.)

3.

அவளுடைய கொழுந்தன் அதே நிறுவனத்தில் பழுதுபார்க்கும் ஆள். அவனை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நல்லவன் என்றால், செத்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தானே என்பீர்கள். அண்ணன் சட்டையைக் கேட்காமல் போட்டுக்கொண்டு போவான். சாப்பிட்ட தட்டை எடுத்துவைக்க மாட்டான். அக்காவுக்கு அவன்மேல் கொள்ளைப் பிரியம்.

அன்று காலை, பக்கத்துப் பழைய எரிவாயுக் கிணற்றின் வாயில் அவன் வால்வைக் கழற்றி மாற்றிக்கொண்டிருந்தான். இங்கே புதுக் கிணற்றில் நீரை இறக்கும்போது அங்கே ஆள் இருக்கலாமா என்று அக்காவிடம் கேட்டார்கள். துளையிலிருந்து எடுத்த பாறைத் துண்டுகளை அவள் மறுபடி பார்த்தாள். வெடிப்புகளில் எல்லாம் படிகம் படிந்து இறுக ஒட்டியிருந்தது. புதுப் பிளவு அவற்றை ஏறக்குறைய செங்கோணத்தில் சந்திக்கும். வெட்டிக்கொண்டு நேரே போய்விடும். இருக்கலாம் என்றாள்.

இரண்டு கிணறுகளுக்கும் நடுவே, யாரும் துண்டு எடுத்துப் பார்க்காத இடத்தில், ஒரு வெடிப்பு மட்டும் ஒட்டாமல் திறந்து கிடந்தது. பிளவு அதில் திரும்பிப் பழைய கிணற்றை நோக்கி ஓடியது. அக்காவின் திரையில் அழுத்தம் சட்டென்று இறங்கியது. நிறுத்தச் சொன்னாள். பம்புகள் நின்றபோது பழைய கிணறு

[இந்த வாக்கியம் முடிய மறுக்கிறது. அப்படியே விடுகிறேன். அவன் இல்லை, அது போதும்.]

4.

விசாரணையில் அவள்மேல் தப்பில்லை என்றார்கள். அத்தானும் அதையே சொன்னார், ஒரே ஒரு தடவை. அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மற்ற பேச்சும் குறைந்துபோயிற்று. "திட்டியிருந்தா அழுது தொலைச்சிருப்பேன்டா" என்றாள் அக்கா.

மாமியாருக்குத் தெரிந்ததெல்லாம் கிணறு வெடித்தது என்பதுதான். யார் சொல்லி அவன் அங்கே நின்றான் என்பது தெரியாது. அதைச் சொல்லாமல் அந்த வீட்டில் அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

5.

ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன்: மாமியார் அவளை வீட்டைவிட்டுப் போகச் சொல்கிறார். இன்னொன்று: கட்டிக்கொண்டு அழுகிறார். இரண்டும் எனக்குத்தான் வசதி. நடந்தது இது.

மாமியார் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பாறை, பிளவு, தன் கணிப்பு எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒன்று மட்டும் கேட்டார்.

"இருக்கலாம்னு சொன்னது நீதான்னு அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும் அத்தை. போன் பண்ணினான். நீங்களே சொல்லிட்டீங்க, அப்புறம் என்ன அண்ணின்னு சிரிச்சான்."

மாமியார் கையிலிருந்த துணியை மடித்து முடித்தார்.

"அப்போ பயப்படாமத்தான் இருந்திருப்பான்."

6.

அவர் ஆறுதலாகச் சொன்னாரா, குத்திச் சொன்னாரா? அக்காவுக்கு இன்னும் பிடிபடவில்லை. அந்த வீட்டில்தான் இருக்கிறாள். மாமியாருக்குத் தண்ணீர் கொடுக்கும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்க்கிறாள். அந்தக் குரலை நான் கேட்டதில்லை. அதனால் இதற்கு மேல் எழுதினால் பொய்யாகிவிடும்.

நீங்கள் அதை எந்தக் குரலில் படித்தீர்கள்?