நாற்பது கிலோ தாங்கும்

நாற்பது கிலோ தாங்கும் என்று அட்டையில் போட்டிருந்தது. அதை அச்சடித்தவன் நாசமாய்ப் போக என்று கொஞ்ச நாள் வாய் ஓயாமல் திட்டினேன். இப்போது திட்டுவதில்லை. திட்ட வேண்டிய ஆள் வேறு.

பக்கவாதம் வந்து என் வீட்டுக்காரர் ஜெகபர் அலிக்கு இடது கையும் காலும் விழுந்துபோயின. ஆறு மாதத்தில் சுவரைப் பிடித்து நடக்கிற அளவுக்குத் தேறினார். ஆனால் குளியலறை ஸ்டூலில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, நான்தான் தூக்க வேண்டும். முப்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தியவளிடம் அந்த மனுஷனுக்கு வெட்கம். நான் உள்ளே போனதும் கண்ணை இறுக மூடிக்கொள்வார்.

"எந்திரிக்க ஒரு பிடி இருந்தா போதும் ஷரபு. நானே குளிச்சுக்குவேன்," என்றார்.

சுவரில் ஒரு கம்பி அடித்தால் முடிந்தது. ஆனால் கே.கே. நகரில் இந்த வீடு கிடைப்பதற்கு முன் பதினாலு வீடு ஏறி இறங்கியிருந்தோம். எங்கள் பெயரைக் கேட்டதும், "இப்பதான் ஒருத்தருக்குச் சொல்லிட்டோம்" என்பார்கள். ஸ்ரீரங்கத்துப் பராசரன் சார் மட்டும் பெயரைக் கேட்டபிறகும் சாவியைக் கொடுத்தார். ஒரே நிபந்தனை, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. மூன்று வருஷமாக எங்கள் காலண்டர் ஜன்னல் கம்பியில்தான் தொங்குகிறது.

"சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன்," என்றார் இவர்.

"டைல்ஸ்ல ஓட்டை போடணும்னா? காலி பண்ணுங்கன்னுட்டா உங்களத் தூக்கிக்கிட்டு எந்தத் தெருவுல நிப்பேன்? சும்மா இருங்க."

சிங்காரத்தோப்புக் கடைத்தெருவுக்குப் போய் ஒட்டுகிற கைப்பிடி வாங்கி வந்தேன். முதுகில் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப். டைல்ஸைத் தேய்த்துக் கழுவித் துடைத்து, காயவிட்டு ஒட்டினேன். ஒரு நாள் முழுக்கத் தொடவில்லை. பிறகு அரிசிப் பையை மாட்டினேன், நின்றது. இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் துப்பட்டாவில் கட்டித் தொங்கவிட்டேன், நின்றது. கடைசியில் நானே இரண்டு கையாலும் பிடித்துக் காலைத் தூக்கிக்கொண்டேன். ஐம்பத்திரண்டு கிலோ. நாற்பதென்று போட்டது இவ்வளவு தாங்குகிறதே! இவர் எழுபத்து நாலு. ஆனாலும் பாதி பாரம் காலில் இருக்குமே என்று கணக்குப் போட்டேன்.

குளியலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் பாதி வாயால் சிரித்தார். "வவ்வா மாதிரி இருக்கே. சரி, ஈரத்துல தாங்குமா?"

"உங்க வாயில நல்லதே வராதா?"

ஏழு நாள் தானே குளித்தார். கதவுக்குப் பின்னால் பழைய பாட்டு ஒன்றை முனகுவது கேட்கும். அல்லாஹ்வே, அந்த ஏழு நாளும் நான் எவ்வளவு பெருமையாகத் திரிந்தேன்!

எட்டாம் நாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஸ்டூல் உருண்டது கேட்டது. ஓடிப்போய்க் கதவைத் தள்ளினால், தரையில் கிடந்தார். வலது கையில் அந்தக் கைப்பிடி. விடவே இல்லை. ஆஸ்பத்திரியில்தான் விரல்களைப் பிரித்து எடுத்தார்கள்.

பிறகுதான் எனக்கு விளங்கியது. நான் தொங்கியது காய்ந்த சுவரில், நேர் கீழாக. அவர் உட்கார்ந்தபடி தன் பக்கமாக இழுத்திருக்கிறார். தினமும் வெந்நீர் ஆவி வேறு. காயத்துப் பிளாஸ்திரி மாதிரிதான், ஒரு ஓரம் எழும்பினால் முழுசும் உரிந்து வந்துவிடும்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. படுத்த படுக்கையில் நெஞ்சில் சளி கட்டியது. பதினோராம் நாள் மவுத்தாகிவிட்டார்.

பராசரன் சார் துக்கம் விசாரிக்க வந்தார். புருஷனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவில் நான் இருந்ததால் வேற்று ஆண் முன் வரக் கூடாது. திரைக்குப் பின்னால் நின்றேன். என் தம்பி நஸ்ருல்லாதான் நடந்ததையெல்லாம் சொன்னான், ஆணி விஷயம் உட்பட.

 சார் திரையைப் பார்த்து, "ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதா?" என்றார்.

இவர் அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தையை அவரும் சொன்னார்.  இத்தாவாவது ஒன்றாவது என்று வாய் திறந்துவிட்டேன். "கேட்டிருந்தா சரின்னிருப்பீங்களா சார்?"

"என்னம்மா கேக்கறேள்? படம் மாட்டறதுக்குன்னு கண்ட எடத்துல ஆணி அடிச்சுடுவாளேன்னு சொன்னது அது. எங்காத்துல அம்மாவுக்கு நாலு கம்பி அடிச்சிருக்கேன். சொல்லியிருந்தா மறுநாளே நானே ஆளைக் கூட்டிண்டு வந்திருப்பேனே."

அழுகை வெளியே கேட்காமல் இருக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். பாவி மனுஷன் அந்த சார், கேட்டிருந்தாலும் முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைப் பிடித்துக்கொண்டாவது மிச்சக் காலத்தை ஓட்டியிருப்பேன்.