பன்னிரண்டாம் அதிகார விசேஷம்

வேதாகமத்தின் கடைசிப் புத்தகத்துக்கு வெளிப்படுத்தின விசேஷம் என்று பெயர். கண்ணாடிக்கடையில் வியாழக்கிழமைதோறும் அதைப் படிக்கக் கூடுகிறவர்களுக்கு அவ்வளவு நீளமாகச் சொல்லப் பொறுமை கிடையாது. ‘விசேஷம்’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். “இன்னைக்கு விசேஷம் உண்டுல்ல?” என்று குழாய்க்காரர் தெருவில் நின்றே கேட்பார். “உண்டு உண்டு, நேரத்தோட வாங்க” என்று கடைக்குள்ளிருந்து பதில் வரும். வழியில் போகிறவர்கள் ஏதோ கல்யாணக் காரியம் போலிருக்கிறது, நமக்குத்தான் அழைப்பில்லை என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

வகுப்பு எடுப்பவர் கண்ணாடிக்காரர். மூக்குக்கண்ணாடிக்குச் சில்லு தேய்த்துப் பொருத்துவது அவர் தொழில். சாயங்காலம் கடைக்கதவைப் பாதி இறக்கிவிட்டு, கண்ணாடிச் சட்டங்கள் அடுக்கிய தட்டுகளை ஓரமாகத் தள்ளினால் வகுப்பறை தயார். கண் பரிசோதிக்கிற உயரமான நாற்காலி கணக்கு வாத்தியாருக்கு. இடுப்பு வலி என்று சொல்லி முதல் வாரம் ஏறி உட்கார்ந்தவர், வலி போன பிறகும் இறங்கவில்லை. குழாய்க்காரருக்கு ஸ்டூல். கண்ணாடிக்காரரின் அம்மாவுக்கு வாசலருகே நாற்காலி, தெருவையும் பார்க்க வேண்டுமே. கடைசியில், எழுத்துகள் பெரிதிலிருந்து பொடியாகிக்கொண்டே போகிற அட்டைக்குக் கீழே, கண்ணாடிக்காரரின் மனைவி.

அவளுக்கு ரயில் நிலையத்தில் அறிவிப்பு வேலை. எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும், எது தாமதம் என்று நாள் முழுக்கச் சொல்கிற குரல் அவளுடையது. அக்கம்பக்கத்தில் மைக்கம்மா என்றால்தான் தெரியும்.

ஐந்து பேர் கூடினால் ஆறு விளக்கம் வரும். வானத்திலிருந்து எட்டி என்ற நட்சத்திரம் விழுந்து தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு கசந்துபோகிற இடம் வந்தபோது, குழாய்க்காரர் விடவில்லை. “மூணுல ஒரு பங்கு மட்டும் கசக்குதுன்னா கோளாறு ஒரு லைன்லதான். மத்த ரெண்டும் வேற தொட்டியிலிருந்து வருது. வால்வை மூடினா முடிஞ்சுபோச்சு.” பாதாளத்திலிருந்து வெட்டுக்கிளிகள் வந்த வாரம் கண்ணாடிக்காரர் அவை ஹெலிகாப்டர்கள் என்றார். மனுஷ முகம், பெண்ணின் கூந்தல், சிங்கப் பல், தேளின் வால் என்று வாத்தியார் ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க, மைக்கம்மாவின் மாமியார் தலையாட்டிக்கொண்டே வந்தார். “இதுக்கு எதுக்கு ஹெலிகாப்டர்? என் நாத்தனாரை நீங்க யாரும் பாத்ததில்லை” என்றார்.

மைக்கம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். ஆனால் கொஞ்ச காலமாக அவளுக்குச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடுகிறது. காரணம் இருந்தது. அவளுக்கு மூன்றாம் மாதம். அதை அவள் கணவனிடம் இன்னும் சொல்லவில்லை.

சொல்லாததற்கும் காரணம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு குழந்தை வயிற்றில் ஐந்தாம் மாதத்திலேயே கைவிட்டுப் போனது. அதுவரை வேதாகமத்தின் சங்கீதங்களைப் பாடிக்கொண்டு சில்லு தேய்த்தவர், அதற்குப் பிறகுதான் கடைசிப் புத்தகத்துக்குத் தாவினார். மிருகம், முத்திரை, எக்காளம் என்று உலகம் முடிகிற தேதிக்குக் கணக்குப் போட்டு மூழ்கிப் போனார். போன குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது வேறு, புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி கண்ணாடி வாங்க வந்தபோது, கேட்காமலே புத்தி சொன்னார். “கடைசி நாள்ல பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு ஐயோன்னு ஆண்டவரே சொல்லியிருக்காரு. இந்த நேரத்துல பிள்ளைன்னு இறங்கறது எனக்கென்னவோ சரியாப் படலை.” அந்த ஜோடி பேந்தப் பேந்த விழித்துவிட்டுக் கண்ணாடி வாங்காமலே போய்விட்டது. உள்ளே சட்டம் துடைத்துக்கொண்டிருந்த மைக்கம்மாவுக்குக் கை நின்றுபோனது. அப்போதே அவளுக்கு நாள் தள்ளிப் போயிருந்தது.

அவர் கோபப்படுவார் என்று அவள் பயப்படவில்லை. அவர் கோபப்படத் தெரியாத மனிதர். சொன்னதும் அவர் முகத்தில் சந்தோஷம் வராமல் போய்விடுமோ என்பதுதான் பயம். அதைப் பார்த்துவிட்டால் பிறகு பார்க்காதது மாதிரி இருக்க முடியாது. ஊருக்கெல்லாம் வருகையை அறிவிக்கிறவளுக்குச் சொந்த வீட்டு வருகையை அறிவிக்க முடியவில்லை.

ஒரு காலையில் துணிந்துவிட்டாள். அவர் வேதாகமத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“என்னங்க, வீட்ல ஒரு விசேஷம்.”

“ஆமா, வியாழக்கிழமை. பன்னிரண்டாம் அதிகாரத்துக்கு வந்துட்டோம். சாதாரண அதிகாரமில்லை அது.”

“நான் சொல்றது வேற விசேஷம்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “வேறயா? தானியேல் புஸ்தகத்தைச் சொல்றியா? அதை அடுத்த வருஷம்தான் எடுக்கணும். ரெண்டையும் ஒண்ணாப் போட்டா குழாய்க்காரர் குழம்பிடுவாரு.”

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அவர் தட்டில் இன்னும் இரண்டு கரண்டி உப்புமா போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். அன்று ஏழாம் நடைமேடைக்கு வருகிற வண்டியை இரண்டாம் நடைமேடைக்கு அறிவித்து, ஒரு கூட்டத்தையே படியேறி இறங்க வைத்தாள்.

வியாழக்கிழமை வந்தது. கண்ணாடிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு பன்னிரண்டாம் அதிகாரத்தைப் படித்தார். சூரியனை உடுத்திக்கொண்டு ஒரு பெண். காலடியில் சந்திரன், தலையில் நட்சத்திரக் கிரீடம். அவள் கர்ப்பவதி, வலியில் கதறுகிறாள். எதிரே சிவப்பாய் ஒரு வலுசர்ப்பம், ஏழு தலை, பத்துக் கொம்பு. பிறக்கிற பிள்ளையை விழுங்கக் காத்துக்கொண்டு நிற்கிறது.

“ஏழு தலைக்குப் பத்துக் கொம்பு எப்படிப் பிரியும்?” வாத்தியார் உடனே ஆரம்பித்தார். “தலைக்கு ஒண்ணுன்னா மூணு மிச்சம்.”

“ரெண்டு ரெண்டாப் பொருத்தினா நாலு பத்தாது. சாமான் கணக்குப் பாக்காம வாங்கிட்டாங்க” என்றார் குழாய்க்காரர்.

“கொம்பை விடுங்க” என்றார் கண்ணாடிக்காரர். “முக்கியமான கேள்வி, இந்த ஸ்திரீ யார்?”

வாத்தியார் இஸ்ரவேல் என்றார். குழாய்க்காரர் யோசித்து, இயேசுவின் தாயார் என்றார். சபைதான் என்றும் சொல்வதுண்டு என்று கண்ணாடிக்காரர் சேர்த்துக்கொண்டார். பிறகு விரலை உயர்த்தினார். “யாராயிருந்தாலும் ஒண்ணை மறக்கக் கூடாது. இதெல்லாம் அடையாள பாஷை. கர்ப்பம்னு எழுதியிருக்கறதால கர்ப்பம்னு அர்த்தம் இல்லை.”

மைக்கம்மாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. எழுந்து நின்றாள். ரயில் நிலையக் குரல் தானாக வந்துவிட்டது, நிதானமாய், ஒவ்வொரு எழுத்தும் கேட்கும்படியாய்.

“அந்த ஸ்திரீ நான்தான்.”

கண்ணாடிக்காரரின் முகம் மலர்ந்தது.

“பிரமாதம்! தனிப்பட்ட விசுவாசி! ஒவ்வொரு ஆத்துமாவும் அந்த ஸ்திரீதான். இப்படி ஒரு கோணம் எனக்குத் தோணவே இல்லையே. வாத்தியாரே, எழுதிக்குங்க.”

வாத்தியார் எழுத ஆரம்பித்தார். வாசலருகே இருந்து ஒரு சத்தம் கிளம்பியது.

“அட மக்குப் பயலே!” மாமியார் நாற்காலியைவிட்டு எழுந்திருந்தார். “அவ முழுகாம இருக்காடா! ரெண்டு வாரமா காபி வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடறா. அவளே சொல்லட்டும்னு நானும் வாயைக் கட்டிக்கிட்டு இருக்கேன். விசேஷம்டா! ஊர்ல பாக்கறவன் எல்லாம் ஏதாவது விசேஷம் உண்டான்னு கேப்பானே, அந்த விசேஷம்!”

வாத்தியாரின் பேனா நின்றது. குழாய்க்காரர் கர்ப்பவதியையும் எழுந்து நிற்கிற மாமியாரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்ன பாக்கறீங்க? வலுசர்ப்பம் நான் இல்லை” என்றார் மாமியார்.

யாரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் கண்ணாடிக்காரரைப் பார்க்கத்தான் தோன்றியது. அவர் புத்தகத்தின் மேல் கையை ஊன்றி நின்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கேட்டுவிடுவதே மேல் என்று மைக்கம்மா கேட்டாள்.

“அன்னைக்கு அந்தப் புதுப் பொண்ணுகிட்ட ஐயோன்னு சொன்னீங்களே. அது எனக்குமா?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றினால் அவருக்கு நாலடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. தட்டுகளில் இடித்துக்கொண்டு, வாத்தியாரின் காலை மிதித்துக்கொண்டு, நாலடிக்குள் வந்து நின்று அவள் முகத்தைப் பார்த்தார்.

“நிஜமாவா?” என்றார்.

“டாக்டரம்மா தேதியே குடுத்துட்டாங்க.”

“இத்தனை நாள் வகுப்புல உறுதியாத் தேதி கிடைச்சது இப்பத்தான்” என்று முணுமுணுத்தார் வாத்தியார்.

கண்ணாடிக்காரர் அதைக் காதில் வாங்கவில்லை. “அந்தக் குழந்தை போனதுக்கப்புறம் எனக்கு ஒண்ணுமே பிடிக்கலைம்மா” என்றார், எல்லார் முன்னாலும். “உலகம் சீக்கிரம் முடிஞ்சா, அந்தப் பக்கம் போய் அதைப் பாத்துடலாம்னு இருந்துச்சு. அதுக்குத்தான் உக்காந்து கணக்குப் போட்டேன். உங்கிட்ட சொன்னா நீ அழுவியேன்னு வகுப்பு எடுத்தேன்.”

சொல்லிவிட்டு அவர்தான் அழுதார். அழுதுகொண்டே சிரித்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “எனக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கு, பயமாவும் இருக்கு” என்றார். மைக்கம்மா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். சந்தோஷம் அந்த முகத்தில் அப்பட்டமாக இருந்தது, யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“அதிகாரம் பாதியில நிக்குது” என்றார் குழாய்க்காரர் மெதுவாக. “அந்தப் பாம்பு பிள்ளையை என்ன பண்ணிச்சு? அதைப் படிக்காம நான் வீட்டுக்குப் போக மாட்டேன்.”

கண்ணீரில் கண்ணாடிக்காரருக்கு எழுத்து தெரியவில்லை. வாத்தியார் படித்தார். வலுசர்ப்பத்தால் பிள்ளையைத் தொட முடியவில்லை. தாயையும் பிடிக்க முடியவில்லை. “அப்படிச் சொல்லுங்க” என்று குழாய்க்காரர் தொடையில் தட்டினார். அதற்கு மேல் என்ன அர்த்தம் என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.

வகுப்பை முடிக்க ஜெபம் செய்ய வேண்டும். ஆண்டவரே, சீக்கிரம் வாரும் என்றுதான் வழக்கமாக முடிப்பார்கள். எல்லாரும் எழுந்து கண்களை மூடினார்கள். கண்ணாடிக்காரர் மனைவியின் கையை விடாமல் தொடங்கினார்.

“ஆண்டவரே...” என்றார். வழக்கமான ‘சீக்கிரம்’ அவர் வாயில் வரவில்லை. “ஆண்டவரே, வாரும். கட்டாயம் வாரும். ஆனா கொஞ்சம் பொறுத்து வாரும். பிள்ளை பொறந்து, நடந்து, பள்ளிக்கூடம் போறவரைக்குமாவது...”

“ஏண்டா குறைச்சுக் கேக்கறே?” மூடிய கண்ணைத் திறக்காமலே மாமியார் குறுக்கிட்டார். “அது வளந்து, அதுக்குக் கல்யாணமாகி, அதுக்கொரு விசேஷம் வர்ற வரைக்கும் கேளு.”

கண்ணாடிக்காரர் அப்படியே கேட்டார். மைக்கம்மா ரயில் நிலையக் குரலில் ஆமென் சொன்னாள். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.