இறக்கையில் ஒரு கட்டைவிரல்

பல் டாக்டருக்கு உலகத்திலேயே பிடிக்காத வார்த்தை ‘பிளாஸ்டிக்’. அதைச் சொல்பவர் அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன், விமான மெக்கானிக். டாக்டர் மாதக்கணக்கில் முதுகு ஒடியச் செய்யும் ஒவ்வொரு குட்டி விமானத்தையும் அரைக்கண்ணால் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கு மாப்ளே, பிளாஸ்டிக்” என்று காபியை உறிஞ்சுவார். வயிறு எரியுமா எரியாதா?

இந்த முறை அந்த வார்த்தையை வரவிடக்கூடாது என்று டாக்டர் கங்கணம் கட்டிக்கொண்டார். முதலில் முகம் தெரிகிற அளவுக்கு மின்னும் கறுப்பு. அதன்மேல் மெல்ல மெல்ல வெள்ளி, ஸ்பிரேயில். தகட்டுக்குத் தகடு நிறம் ஒரு துளி மாற வேண்டும். நிஜ விமானத்தின் அலுமினியத் தகடுகள் அப்படித்தான் இருக்கும். எல்லாம் சரியாகத்தான் வந்தது. வினை விரலில் இருந்தது. பல்லை அடைத்ததும் வழவழப்பாக இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும் தொழில் பழக்கம் விடுமா? காய்வதற்குள் தடவிவிட்டார். இறக்கையில் கட்டைவிரல் ரேகை. சுரண்டி, தேய்த்து, மறுபடி கறுப்பு, மறுபடி வெள்ளி. மறுபடி விரல்!

“அத்தனை வருஷம் படிச்சுட்டு கடைசில கைநாட்டு வைக்கிறீங்களே,” என்றாள் மனைவி.

மூன்றாவது தடவை வெள்ளி அடித்த கையோடு, அடுப்படியில் சூடு தாங்கப் போடும் தடித்த கையுறைகளை அவளே அவருக்கு மாட்டிவிட்டாள். மூன்று மணி நேரம் கழித்து மச்சான் வந்தபோதும் அதோடுதான் கதவைத் திறந்தார்.

“என்ன மாப்ளே, சமையலா?”

டாக்டர் மேசையைக் காட்டினார்.

மச்சான் குனிந்தார். கண்ணாடியை மாட்டினார், கழற்றினார். பிறகு சட்டென்று கையை நீட்டி இறக்கையின் மேல் விரலை வைத்துவிட்டார்.

“ஐயையோ மச்சான், காயலை!”

எடுத்த இடத்தில் அச்சு அசலாய் ஒரு கட்டைவிரல்.

“அறிவிருக்காண்ணே? இவர்கிட்டேருந்து காப்பாத்தி வச்சேன், நீ வந்து கெடுத்துட்டியே!”

மச்சான் வெள்ளி ஒட்டிய விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். காது சிவந்துபோயிருந்தது.

“இல்லம்மா... தகடு சில்லுன்னு இருக்கும்ல. அந்த நெனப்புல தொட்டுட்டேன்.”

டாக்டருக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. உறைத்ததும், ‘பிளாஸ்டிக்கைத் தகடுன்னு நம்பிட்டாரே!’ என்று உள்ளுக்குள் துள்ளினார்.

“குடுங்க மாப்ளே, நானே சுரண்டி அடிச்சுத் தரேன்.”

“கிட்ட வந்தீங்கன்னா தெரியும்!” டாக்டர் இரண்டு கையுறைகளையும் விரித்து மேசையை மறைத்துக்கொண்டு நின்றார். “அது அப்படியே இருக்கட்டும்.”