பதினாறு கம்பத்து மடுவம்

"கொயி பெத்தடத, அம்மே?" என்று வேன் டிரைவர் திரும்பிப் பார்த்துக் கேட்டான். எந்தப் பக்கம் போக வேண்டும்?

ரோடு அங்கே இரண்டாகப் பிரிந்தது. மேலே ஏறுவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு. கீழே இறங்குவது மாடு கட்டும் மடுவத்துக்கு. அழகம்மா பின்சீட்டில் பெட்டியின் மேல் ஒரு கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். டிக்கோயா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வழியெல்லாம், வளைவுகளில் பெட்டி நகராமலிருக்க அப்படித்தான் பிடித்துக்கொண்டு வந்தாள். இப்போது வேன் நின்ற பிறகும் கையை எடுக்கவில்லை.

"உடட யமு," என்றான் முன்சீட்டிலிருந்த திலக்ஷன். மேலே போகலாம்.

"லயத்துக்குள்ள போகக்கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்டியிருக்காங்கடா."

"ரெண்டு மணித்தியாலத்துக்குத்தானம்மா. கொழும்புலருந்து எங்க கடை மொதலாளி வாராரு, கூட வேல செய்றவங்க வாராங்க. அப்பாவ மாட்டு மடுவத்துலயா கெடத்துறது?"

வேன் மேலே ஏறியது.

அவள் கணவர் செல்லசாமி நேற்று விடியற்காலையில் இறந்தார். நெஞ்சு வலி என்று இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். கடைசியாகப் பேசியது மாட்டைப் பற்றி. சிவப்பிக்குப் புண்ணாக்கு ஊற வைத்தாயா என்று கேட்டார். அவள் வைத்தேன் என்றாள். வைத்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த அவசரத்தில் மறந்துபோயிருந்தாள். அதற்குப் பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

முப்பது வருஷம் தேயிலை ஸ்டோரில் இயந்திர அறையில் வேலை செய்த மனிதர். அந்த மடுவத்தைக் கட்டியது பதிமூன்று வருஷத்துக்கு முன்னால். ஒரு பெருங்காற்றில் ஸ்டோர் ரோட்டோரம் நின்ற டர்பன்டைன் மரங்கள் வரிசையாகச் சாய்ந்தன. அவற்றைக் கேட்டு வாங்கினார். அப்போதிருந்த தொரை, தோட்டத்துக் காணியில் யாரும் நிரந்தரக் கட்டடம் கட்டக்கூடாது என்றார். செல்லசாமி தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்று சொன்னாராம்: "அத்திவாரம் போட மாட்டேங்க தொரை. செவரு வைக்க மாட்டேன். கம்பத்த நட்டு மேல தகரம் போடுவேன், அவ்வளவுதான். இது கட்டடமே இல்லீங்க." தொரை சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பதினாறு கம்பங்கள். பக்கத்துக்கு எட்டு. பட்டையை உரித்து, அடிப்பக்கத்தை நெருப்பில் கருக்கி, ஸ்டோரில் கழித்த எண்ணெயைப் பூசி வெயிலில் போட்டு வைத்தார். நாலடிக் குழி தோண்டி, இறக்கி, சுற்றிலும் கல்லைப் போட்டு இடித்தார். சரிவான நிலம். அதை வெட்டிச் சமப்படுத்தக்கூட இல்லை. பள்ளத்துப் பக்கம் நீளக் கம்பம், மேட்டுப் பக்கம் கட்டைக் கம்பம், கூரை மட்டும் நேராக நின்றது. கம்பங்களைத் தயார் செய்யத்தான் மாதக்கணக்கு ஆனது. நட்டுக் கூரை போட்டு முடிக்க ஒன்பது நாள். நடுவில் ஒரு கம்பம்கூட இல்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "மாடு திரும்ப வேணாமா?" என்றார்.

இரண்டு மாட்டுக்கு எழுபதடி மடுவம். அழகம்மாவுக்கு அன்று வந்த கோபம் இன்றும் முழுதாகத் தீரவில்லை. அவர்களுடைய லயத்துக் காம்பராவில் மழை வந்தால் மூன்று இடத்தில் சட்டி வைக்க வேண்டும். "மாட்டுக்கு மாளிக, எனக்கு ஒழுகுற காம்பரா," என்று அவள் வாசல் திண்ணை இஸ்தோப்பில் நின்று லயமே கேட்கக் கத்தினாள். "அங்கேயே போய்ப் படுங்க. செத்தாலும் அங்கேயே கெடங்க."

அடுத்த வாரம் லயத்துக் கூரைக்கும் மிச்சத் தகரத்தைக் கொண்டுவந்து அடித்தார். ஆனாலும் அவள் சொன்னது சொன்னதுதான்.

மாடுகள் மூலையில்தான் நின்றன. மீதி இடத்தில் விறகு காய்ந்தது. லீக்ஸும் கரட்டும் பிடுங்குகிற காலத்தில் நாலு வீட்டுக்காரர்கள் அங்கே உட்கார்ந்து கழுவித் தரம் பிரித்தார்கள். திருவிழாவுக்குச் சமைத்தார்கள். பக்கத்துக் காம்பரா ஜோசப்பினின் மகளுக்குக் கல்யாண விருந்து அங்கேதான் நடந்தது. செல்லசாமி யாரையும் வேண்டாம் என்றதில்லை. அழகம்மாதான் பின்னாலிருந்து குப்பையைக் கூட்டினாள்.

போன நவம்பர் மழையில், ஒரு பின்னேரம், லயத்துக்கு மேலே தேயிலை வரிசை வளைந்து போயிருப்பதைச் செல்லசாமி பார்த்தார். ஒவ்வொரு காம்பராவாகத் தட்டினார். வர மாட்டேன் என்றவர்களின் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார். தாய்மார்கள் பின்னால் ஓடி வந்தார்கள். ஏழு குடும்பமும் மடுவத்துக்குள் நுழைந்து அரை மணித்தியாலத்தில் மண் இறங்கியது. லயத்தின் பின்சுவரைத் தள்ளிவிட்டு, சமையலறைகளை மூடியது. பிறகு சேறும் தண்ணீரும் கீழே மடுவத்துக்கும் வந்தன. முட்டிவரை வந்தன. தடுக்கச் சுவர் எதுவும் இல்லை. ஒரு பக்கம் வந்து, கம்பங்களுக்கு நடுவே புகுந்து, மறு பக்கம் போயின. பிள்ளைகளை வைக்கோல் பரணில் ஏற்றிவிட்டு, பெரியவர்கள் ஆளுக்கொரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கம்பம் ஒன்றும் அசையவில்லை.

அன்றிலிருந்து ஐந்து மாதமாக ஏழு குடும்பமும் அங்கேதான். வீடு தருவதாக அதிகாரிகள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். கயிறு கட்டிச் சேலையும் தார்ப்பாய்ப் படங்கும் தொங்கவிட்டு, ஏழு அறைகள் பிரித்துக்கொண்டார்கள். நல்ல இடங்களைச் செல்லசாமி மற்றவர்களுக்குக் கொடுத்தார். தங்களுக்கு மாட்டுக்குப் பக்கத்து மூலை. "நாம மாட்டு மூத்திர வாசனைக்குப் பழகினவங்க," என்றார். அழகம்மா அதற்கும் இரண்டு நாள் பேசாமலிருந்தாள்.

வேன் லயத்தின் முன்னால் நின்றது. காத்திருந்த நாலைந்து ஆண்கள் வந்து பெட்டியை இறக்கித் தூக்கினார்கள். இஸ்தோப்புத் தூணில் சிவப்பு எழுத்து நோட்டீஸ் நனைந்து கிழிந்திருந்தது. கதவு நிலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பெட்டி நேராக நுழையவில்லை.

"சரிச்சுத் தூக்குங்க," என்றான் திலக்ஷன்.

"தம்பி, நெலையில இடிச்சா செவரு வந்துரும்," என்றார் முன்னால் பிடித்திருந்த, அதே லயத்துச் சிவசாமி. பெட்டியின் பாரத்தில் அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "கொஞ்சம் யோசிச்சுக்கங்க."

திலக்ஷன் உள்ளே எட்டிப் பார்த்தான். பின்சுவர் இருந்த இடத்தில் மண் இருந்தது. மண்ணில் புல் முளைத்திருந்தது. அவன் பிறந்த அறை அது. செய்தி கேட்டு நவம்பரில் ஒரு தரம் வந்து போனவன்தான். அப்போது உள்ளே பார்க்க யாரும் விடவில்லை.

கீழேயிருந்து ஜோசப்பின் மூச்சிரைக்க ஏறி வந்தாள். சேலையை முட்டிக்கு மேலே சொருகியிருந்தாள்.

"அக்கா, இங்க ஏன் கொண்டாந்தீங்க? நாங்க கீழ எல்லாத்தையும் அவுத்துட்டோமே."

"எத அவுத்தீங்க?"

"சேல, படங்கு எல்லாத்தையும். விடியக்காலையிலேயே ஆரம்பிச்சோம். சாமான எல்லாம் பரண்ல ஏத்தியாச்சு. தரைய கழுவி விட்டாச்சு. வந்து பாருங்க."

அழகம்மா இஸ்தோப்பின் ஓரத்துக்குப் போய்க் கீழே பார்த்தாள். ஐந்து மாதமாக அந்த மடுவம் பல நிறத் துணிகளின் மூட்டையாகத்தான் தெரிந்தது. இப்போது ஒரு துணியும் இல்லை. ஒரு முனையிலிருந்து மறு முனை வரை, கூரைக்குக் கீழே வெறும் வெளிச்சம். கம்பங்களுக்கு அப்பால் பச்சைத் தேயிலை தெரிந்தது. ஈரத் தரை மின்னியது. ஒரு மூலையில் மாடுகள் இரண்டும் நின்றன. அவ்வளவு பெரிய இடம் என்று அவளுக்கு மறந்தே போயிருந்தது.

ஏழு வீட்டுக்காரர்கள் ஐந்து மாதமாகக் கட்டிக் காத்த மறைப்பு. வயசுக்கு வந்த பிள்ளைகள் இருக்கிற வீடுகள். அவிழ்க்கச் சொல்லி யாரும் அவர்களைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

பெட்டியைத் தூக்கியிருந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள். சிவசாமி பிடியை மாற்றிக்கொண்டார்.

"கீழ கொண்டு போங்க," என்றாள் அழகம்மா.

"அம்மா..."

"உங்கப்பா இந்த லயத்துலருந்து எல்லாரையும் வெளியே கொண்டாந்த மனுசன். அவர வச்சு நாலு பேர உள்ள அனுப்பச் சொல்றியா?"

திலக்ஷன் நிலையைப் பார்த்தான். பிறகு பெட்டியின் பின்பக்கம் போய், ஒருவரை விலகச் சொல்லிவிட்டுத் தோள் கொடுத்தான்.

பெட்டியை மடுவத்தின் நடுவில் இரண்டு நீள மர வாங்குகளின் மேல் வைத்தார்கள். தலைமாட்டில் விளக்கு ஏற்றினார்கள். தப்பு அடிக்கிறவர்கள் வந்தார்கள். பத்து மணிக்குள் தோட்டத்தின் மூன்று டிவிசனிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். எல்லோரும் பெட்டியைச் சுற்றி உட்கார இடம் இருந்தது. யாரும் வெளியே நிற்கவில்லை. லயத்துச் சாவுகளில் பெண்கள் உள்ளே நெரிபட, ஆண்கள் மழையில் நிற்பார்கள். அப்படித்தான் அவள் இதுவரை பார்த்திருக்கிறாள்.

ஒப்பாரிக்கு நடுவே சிவப்பி இரண்டு தரம் கத்தியது. சிறு பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் அதட்டவில்லை.

பதினொன்றரைக்கு மழை பிடித்தது. தகரத்தில் விழுந்த சத்தத்தில் தப்பும் ஒப்பாரியும் அமுங்கிப்போயின. அந்த நேரத்தில்தான் கொழும்பு மொதலாளி குடையோடு இறங்கி வந்தார். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு மாலை போட்டார். பிறகு நிமிர்ந்து கூரையை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தார்.

"இது யாரு கட்டுனது?" என்று உரக்கக் கேட்டார்.

"அப்பாங்க," என்றான் திலக்ஷன். மழைச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை போலிருந்தது. திலக்ஷன் குனிந்து, அவர் காதுக்குப் பக்கத்தில் இன்னும் சத்தமாகச் சொன்னான். "எங்கப்பா கட்டுனது."

அழகம்மா காலை நீட்டிக் கணவனின் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. தான் அன்று இஸ்தோப்பில் நின்று கத்தியது அவருக்கு ஞாபகம் இருந்திருக்குமா என்று யோசித்தாள். கேட்டிருக்கலாம். பதிமூன்று வருஷம் இருந்தது.

இரண்டு மணிக்கு மழை விட்டது. எடுத்துக்கொண்டு போனார்கள். பெண்கள் மயானத்து வழியிலிருந்த பாலத்தடியோடு நின்றுகொண்டார்கள்.

ஆண்கள் குளித்துவிட்டுத் திரும்பியபோது வெயில் மஞ்சளாக இறங்கியிருந்தது. பெண்கள் மறுபடி தரையைக் கழுவியிருந்தார்கள். பக்கத்து லயத்திலிருந்து சோறும் பருப்பும் கருவாட்டுக் குழம்பும் வந்தன. ஜோசப்பின் கயிற்றுச் சுருளோடு வந்து நின்றாள்.

"அக்கா, எப்படிக் கட்டட்டும்? நடுவுல பெட்டி இருந்த எடத்த விட்டுட்டுக் கட்டவா?"

"எதுக்கு? உன் எடம் அது. உன் எடத்துல கட்டு."

ஜோசப்பின் அசையவில்லை. "நாளைக்குக் கட்டிக்குவோம்," என்றாள். கயிற்றைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

சிவப்பி மறுபடி கத்தியது. மடி கல்லாகியிருந்தது. இந்த மூன்று நாளும் சிவசாமி கறக்கப் பார்த்து, உதை வாங்கி, அரைப் போத்தலோடு விட்டிருந்தார். அழகம்மா எழுந்து வாளியை எடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து மடியில் கை வைத்ததும் மாடு விலகி நின்றது. இரண்டாம் தரமும் விலகியது.

மூலைக் கம்பத்தின் ஆணியில் செல்லசாமியின் பழுப்பு சுவெட்டர் தொங்கியது. கறக்கும்போது மட்டும் போடுவது, துவைக்க விடமாட்டார். அவள் அதை எடுத்து மாட்டிக்கொண்டாள். முழங்கையில் ஓட்டை. மறுபடி உட்கார்ந்தாள். சிவப்பி கழுத்தைத் திருப்பி, தோள்பட்டையை மோந்து பார்த்தது. பிறகு தலையைத் தொட்டிக்குள் போட்டுக்கொண்டது.

வெறும் வாளியில் முதல் பால் சர்ர் சர்ரென்று விழுந்தது. தூரத்தில் பேசிக்கொண்டிருந்த திலக்ஷன் பேச்சை நிறுத்தினான்.

சுவெட்டரின் கை நீளம், விரல்வரை வந்து மறைத்தது. அழகம்மா அதை ஒரு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு, வாளியைத் தூக்கி, அடுத்த மாட்டிடம் நகர்ந்தாள்.