ஏழாவது பொந்து

"விடுடா, செத்துத் தொலையப் போறான்..."

"சாகட்டும். நீ தள்ளு..."

"போலீஸுக்குச் சொல்லியாச்சு, இப்ப வந்துடுவாங்க..."

"வர்றதுக்குள்ள இவன் சொல்லிடுவான். சொல்லுவியாடா? ஏழாவது பொந்துல இருந்ததுங்க எங்கடா?"

மண்வெட்டிப் பிடி மறுபடியும் இறங்கியது. பச்சைக் கிளை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். நாற்காலியில் கட்டிப் போட்டிருந்தவன் வாயைத் திறந்தான். குரல் வரவில்லை, ரத்தம்தான் வந்தது.

அடிக்கிறவன் ஆற்றுக் காவல்காரன். குறுக்கே விழுந்து விழுந்து தடுத்துத் தோற்றவள் அவனுடைய அக்கா, ஆற்றுப் பாதுகாப்புச் சங்கத்தின் செயலாளர். கட்டுண்டவன் நீர்நாய்க்குக் கண்ணி வைக்கிறவன். கூட வந்த மூவரும் வண்டியேறித் தப்பிவிட, கால் மடங்கி விழுந்த இவன் மட்டும் அகப்பட்டுக்கொண்டான். சங்கத்துச் சாமான் அறையில், சங்கத்து நாற்காலியில், சங்கத்து மிதவை அங்கியின் கயிற்றாலேயே கட்டியிருந்தார்கள். நாற்காலியின் முதுகில் 'நிதியுதவியில் வாங்கியது, எண் பதினாலு' என்று ஒட்டிய சீட்டின் மேல் ரத்தம் தெறித்திருந்தது.

வாசலோரம் சாக்கின் மேல் பதினொரு தோல்கள். இரண்டு, உள்ளங்கையளவுதான்.

"ஆறு பொந்தையும் புகை போட்டுத் தோண்டிட்டீங்க. ஏழாவதுல இருந்த தாயையும் குட்டியையும் உயிரோட பிடிச்சு வித்துட்டீங்க, அப்படித்தானே? யாருக்குடா வித்தீங்க?"

"அண்ணே, சத்தியமா அங்க ஒண்ணுமே இல்லண்ணே. பேப்பர்ல ஏழு புள்ளி போட்டிருந்துச்சு. தோண்டிப் பார்த்தோம். வெறும் மண்ணு."

"பொய்யி!"

பொய்யில்லை. அது அந்த அறையில் அக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.

பேப்பர் வேலைக்கு அவளை விட்டால் சங்கத்தில் நாதியில்லை. போன வருடம் நிதிக்கு விண்ணப்பம் எழுதியவளும் அவள்தான். 'குறைந்தது ஏழு வாழிடங்கள்' என்று கேட்டிருந்தது படிவம். ஏழிருந்தால் மூன்று வருடத்துக்கு உதவி, குறைந்தால் ஒன்றுமில்லை. தம்பி ஆறு மாதம் சேற்றில் ஊர்ந்து கண்டுபிடித்தது ஆறு. மூன்று நாள் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நாலாம் நாள் பம்பு அறைக்குப் பின்னால் ஏழாவது சிவப்புப் புள்ளியை வைத்தாள். அங்கே பம்பு ஓட்டுகிறவர் அவள் கணவர். யார் சரிபார்க்க வந்தாலும் வீட்டு மனுஷன்தானே, சமாளித்துக்கொள்ளலாம் என்று ஒரு கணக்கு. அவரிடமும் தம்பியிடமும், தாயும் குட்டியுமாகத் தானே பார்த்ததாகவும், மிரளும், கிட்டப் போக வேண்டாம் என்றும் சொல்லி வைத்தாள். நிதி கொடுத்தவர்கள் மகிழ்ந்து, ஊருக்கெல்லாம் முன்மாதிரி என்று வரைபடத்தோடு அப்படியே இணையத்தில் ஏற்றிவிட்டார்கள்.

கண்ணிக்காரர்களுக்குத் தேடுகிற வேலை மிச்சம்.

நேற்றுக் காலை, ஏழாவது கிடைக்காத ஆத்திரத்தில், பம்பு அறைக்குள் புகுந்திருக்கிறார்கள். 'எங்கய்யா ஒளிச்சு வச்சிருக்கே?' என்று கேட்டுக் கேட்டு, அவர் வலது கை விரல்களை வால்வுச் சக்கரத்துக்குள் விட்டுத் திருப்பியிருக்கிறார்கள். ஒவ்வொன்றாக. தெரிந்தால்தானே சொல்வார்?

"மாமாவுக்கு நாலு விரல் போச்சு," என்றான் தம்பி. கட்டுண்டவனின் கையைப் பிடுங்கி மேஜை மேல் விரித்து வைத்தான். "உனக்கு ரெண்டுதான் ஆச்சு. பாக்கி இருக்கு."

"அக்கா! நீங்களாவது சொல்லுங்கக்கா! பேப்பர்ல உங்க பேருதானே போட்டிருக்கு..."

"அவகிட்ட என்னடா பேச்சு? இங்க பாரு!"

பிடி மேலே போனது. இதைச் சொன்னால் நிதி போகும். காவலுக்குப் போகிற பத்து பேர் சம்பளம் போகும், ஆற்றங்கரையும் திரும்ப அநாதையாகும். தம்பி முகத்தில் விழிக்க முடியாது. எல்லாம் ஒரு மூச்சில் அவள் நெஞ்சுக்குள் வந்து போயின. அந்த மூச்சுக்குள் பிடி இறங்கிவிட்டது. மூன்றாவது விரல். அவன் அலறியது ஆள் அலறிய மாதிரியே இல்லை. நாற்காலியோடு பக்கவாட்டில் சாய்ந்தான். தம்பி தலைமுடியைப் பிடித்து நிமிர்த்தினான். இந்த முறை பிடி விரலுக்கு ஓங்கவில்லை, தலைக்கு ஓங்கியது.

"ஏழாவதே இல்லடா!"

பிடி நடுவிலேயே நின்றது.

"என்ன?"

"இல்லவே இல்ல. நீ கண்டுபிடிச்சது ஆறு. ஏழு வேணும்னு கேட்டாங்க. நானா ஒரு புள்ளி வச்சேன்."

கட்டுண்டவன் சிரித்தானா அழுதானா தெரியவில்லை. "நான் அப்பவே சொன்னேனே அண்ணே..." என்று உடைந்த பல்லுக்கு நடுவே முனகினான்.

தம்பி சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்தான். ஒவ்வொரு புள்ளியாக விரல் வைத்து எண்ணினான், ரத்த விரலால். ஏழாவதில் விரல் நின்றது. அதன் மேலேயே மண்வெட்டிப் பிடியால் ஒரு போடு போட்டான். பலகை இரண்டாய்ப் பிளந்து அவள் காலடியில் விழுந்தது. அவள் விலகவில்லை. தன் மேல் விழுந்திருந்தால்கூட விலகியிருக்க மாட்டாள்.

"மாமாவுக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

பிடியைக் கீழே போட்டான்.

"ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் மாமா முதல் வார்த்தை என்ன கேட்டாரு தெரியுமாக்கா? 'அந்த ஏழாவதாவது தப்பிச்சுதாடா'ன்னு கேட்டாரு. நீ போய் என்ன சொல்லப் போற?"