ஷட்டர் இறங்கிய ஞாயிறு

பெர்சிஸின் சாமி வேறு, அவள் புருஷன் ராமசுப்புவின் சாமி வேறு. அதில் ஒரு தகராறும் கிடையாது. அவருக்கு மூன்றாவதாகக் கடை என்றொரு சாமி இருந்ததுதான் தொல்லை. விம்கோ நகரில் அந்த மளிகைக்கடை தொடங்கி இருபத்திரண்டு வருஷத்தில் பகலில் ஷட்டர் இறங்கியது இரண்டே தடவை: அவள் மாமனார் இறந்தபோது, மாமியார் இறந்தபோது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு அவள் தனியாகத்தான் போய்வந்தாள்.

இந்த ஞாயிறு எப்படியோ மனுஷனைக் கிளப்பிவிட்டாள். வெட்கப்பட்டுக்கொண்டு தெருவில் யாரிடமும் சொல்லாமல், கடையைத் திறக்காமலே விடியுமுன் கிளம்பினார். வண்டியில் ஏறியதும் இரண்டு போனையும் அணைத்தாள்.

"அத்தான், ஆறு மணி வரைக்கும் கடைப்பேச்சு ஒரு வார்த்த வரக்கூடாது. வந்துச்சுன்னா இனி எல்லா ஞாயித்துக்கிழமையும் லீவு."

வராவிட்டால் இனிமேல் அவள் கூப்பிடவே கூடாது என்றார் அவர். பெர்சிஸுக்குத் திக்கென்றது. இருந்தாலும் தலையாட்டினாள். அவரால் முடியாது என்பது அவள் கணக்கு.

ராயபுரத்துப் பழைய மாதா கோயிலில் வண்ணக் கண்ணாடி வெளிச்சம் தரையெல்லாம் விழுந்து கிடந்தது. ராமசுப்பு மெழுகுவர்த்தியை வாங்கி உள்ளங்கையில் எடை பார்த்தார். வாய் மட்டும் திறக்கவில்லை. பாவி மனுஷன்!

சாயங்காலம் எண்ணூரில், வெள்ளைக்காரர் காற்று வாங்கக் கட்டிய தோட்டத்து பங்களா. காவலாளி நீலமேகம் நடனக் கூடத்தைக் காட்டினார். பெர்சிஸ் அவரிடம் தனியாகப் போய், சாமான் அறை இருக்கிறதா என்று விசாரித்தாள். இருந்தது. தேக்கு அலமாரிகள், சாய்வு மூடி போட்ட அரிசிப் பெட்டிகள், எலி நுழையாத கல் தரை. ராமசுப்பு கால் மணி நேரம் அசையாமல் நின்றார். உதடு துடித்தது. பெர்சிஸ் மனசுக்குள் ஜெபமே செய்தாள்.

"காத்து நல்லா வருது" என்றார் கடைசியில்.

திரும்பும் வழியில் மணி ஆறானது. அவர் சிரித்துக்கொண்டே கடிகாரத்தைக் காட்டினார். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தெருமுனையில் இறங்கினால், கடைவாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஊரே கூடி நின்றது. எதிர்வீட்டுக் குப்பம்மா கையில் ரோஜா மாலையோடு மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். ராமசுப்புவைப் பார்த்ததும் அவளுக்கு மூச்சே நின்றுவிட்டது.

"உசுரோட கீறியா அண்ணாச்சி? கட மூடிக்கீது, போனும் போவல. நீதான் செத்துப்பூட்டேன்னு மால வாங்கியாந்துட்டோம்."

தெரு மொத்தமும் சிரித்தது. ராமசுப்புவும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. மாலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

குப்பம்மா மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, வந்ததுதான் வந்தாய், கால் கிலோ சர்க்கரை கொடு என்றாள். அவர் கை தானாகச் சட்டைப்பையிலிருந்த சாவிக்குப் போனது. பெர்சிஸ் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கை சாவியில்லாமல் வெளியே வந்தது.

"நாளைக்கு வாங்கம்மா. ஞாயித்துக்கிழம கட லீவு."

"பந்தயத்துல ஜெயிச்சது நீங்கதான அத்தான்?" என்றாள் பெர்சிஸ் மெதுவாக.

"செத்தாத்தான் நான் அடைப்பேன்னு தெருவே நெனச்சிருக்கு, ஏட்டி" என்றார் அவர். "அடுத்த வாரம் எங்க போறோம்?"